அந்த ஊஃபரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்

தில்லி மதராசி கேம்பில் குடியிருந்து, இன்று நரேலாவிலும் ஜங்புராவைச் சுற்றிய வாடகை அறைகளிலும் சிதறிக் கிடக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும்,



வீடு இடிபட்டவர்களிடம் வந்து ஸ்பீக்கர் ரிப்பேர் பற்றிப் பேசுகிறானே, இவனுக்கு எவ்வளவு கொழுப்பு என்று உங்களில் யாராவது கேட்டால் அது நியாயம்தான். 2025 ஜூன் 1ஆம் தேதி பாராபுல்லா நாலாவின் கரையில் புல்டோசர் நின்றதை நானும் பார்த்தேன். சாக்கடையில் நீரோட்டம் தடைபடுகிறது, மழைக்கு முன் தூர்வார வேண்டும் என்று காரணம் சொல்லப்பட்டது. மே மாதம் தில்லி உயர்நீதிமன்றம் கேம்பை இடிக்க உத்தரவிட்டது. ஏறத்தாழ 370 வீடுகள் போயின. எல்லோருக்கும் நரேலாவில் மாற்று வீடு கிடைக்கவில்லை. கிடைத்தவர்களுக்கும் பழைய வேலை இடம் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. இதையெல்லாம் எழுத வேண்டியவர்கள் எழுதினார்கள், எழுதட்டும். எனக்கு வழக்கும் தெரியாது, நகரத் திட்டமும் தெரியாது. ஸ்பீக்கர் பெட்டிக்குள் கீழ் பாஸை ஒலிக்கும் பழைய ஊஃபர்களுக்கு உயிர் கொடுக்கிற வேலை தெரியும். அந்த வேலை தெரிந்தவன் என்ற முறையில் உங்களிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

விஷயம் இதுதான். உங்களில் பல வீடுகளில் பழைய ஸ்பீக்கர் பெட்டிகள் உண்டு. அவை எப்படி வந்தன என்று எனக்குத் தெரியும். ஜங்புராவிலும் நிஜாமுதீன் ஈஸ்ட்டிலும் டிஃபென்ஸ் காலனியிலும் பெரியவர் ஒருவர் கண்மூடுவார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள். பங்களாவை பில்டரிடம் கொடுத்து நாலு மாடி கட்டுவார்கள். இடிக்குமுன் வீட்டைக் காலி செய்யும்போது வரவேற்பறை மூலையிலிருந்து முழங்கால் உயரப் பெட்டிகள் இரண்டு வெளியே வரும். மேம்சாப் அதைப் பார்த்து, "இது எதற்கு, நீயே எடுத்துக்கொண்டு போ" என்பார். அங்கே சமையல் செய்த அக்காவோ கார் ஓட்டிய அண்ணனோ தூக்கி வருவார்கள். வீட்டில் இணைத்துப் பார்த்தால் கர்ரென்று ஒரு சத்தம். கிரில் துணியை விலக்கினால் கோனைச் சுற்றி இருந்த வளையம் பிய்ந்து, விரல் பட்ட இடமெல்லாம் கருப்பு மாவாக உதிர்கிறது. பிறகு அந்தப் பெட்டி டிவி வைக்கிற மேடையாகிவிடும். அல்லது வீடு மாறும்போது கபாடிவாலாவின் தராசில் ஏறிவிடும். "யே தோ கராப் ஹை" (இது கெட்டுப்போனது) என்று சொல்லிக்கொண்டே, பெட்டியை உடைத்து மரத்தை எறிந்துவிட்டு, பின்னாலிருக்கும் காந்தத்தையும் இரும்புச் சட்டத்தையும் மட்டும் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்வார்.

அவர் சொன்னது பொய். பெரும்பாலான நேரங்களில் அந்த ஊஃபர் சாகவில்லை. அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு நுரை வளையம் மட்டும்தான் செத்துப்போயிருக்கும்.

ஊஃபர் எப்படி வேலை செய்கிறது என்பது உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். லோதி எஸ்டேட்டில் உள்ள தமிழ்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் ஃபிளெமிங்கின் இடக்கை விதி வருகிறது. காந்தத்துக்குள் கம்பி, கம்பியில் மின்சாரம், கம்பி நகர்கிறது. அவ்வளவுதான். வட்டமான காந்தம், அதன் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி, அந்த இடைவெளிக்குள் தாமிரக் கம்பி சுற்றிய காயில், காயிலோடு ஒட்டிய காகிதக் கோன். காயிலை நடுவில் பிடித்து வைக்க உள்ளே ஒரு மடிப்பு மடிப்பான துணித் தட்டு. அதற்கு ஸ்பைடர் என்று பெயர். கோனின் வெளி விளிம்பைச் சட்டத்தோடு இணைக்க ஓரத்தில் ஒரு வளையம், அதுதான் எட்ஜ். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925இல் எழுதி வெளியிட்ட அமைப்பு இது. நூறு வருஷமாகியும் அடிப்படை மாறவில்லை. அதனால்தான் 1970இல் செய்த ஒரு ஊஃபரை இன்று ஒருவர் திறந்து பார்த்தாலும், உள்ளே புரியாதது என்று ஒன்றும் இருக்காது. போன வருஷம் வாங்கிய மொபைலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா?

அப்படியானால் ஓரத்து வளையம் மட்டும் ஏன் உதிர்கிறது? அதற்கு ஒரு கதை உண்டு. முன்னாளில் நல்ல பாஸ் வேண்டுமென்றால் ஃபிரிட்ஜ் அளவு பெட்டி வேண்டும். எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் 1954இல் வேறொரு வழி கண்டார். பெட்டியைச் சின்னதாக்கி, காற்றுப் புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக வைத்துக்கொண்டார். கோனை முன்னும் பின்னும் தள்ளி இழுக்கும் வேலையைக் காற்று பார்த்துக்கொண்டதால், ஸ்பைடரும் எட்ஜும் ரொம்பவும் தளர்வாக இருக்க வேண்டியதாயிற்று. அவருடைய அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனி முதலில் பூச்சுப் பூசிய துணியைப் போட்டது. பிறகு அந்தக் கம்பெனியும் மற்றவர்களும் பாலியூரித்தேன் நுரைக்கு மாறினார்கள். லேசு, மலிவு, அச்சில் ஊற்றினால் வேண்டிய வடிவம் வந்துவிடும். எழுபது, எண்பதுகளில் உலகம் முழுக்கப் பல வீட்டு ஸ்பீக்கர்களில் இந்த நுரைதான். அதன் ஆயுசு பத்திலிருந்து இருபது வருஷம். காற்றிலுள்ள ஈரமும் ஆக்சிஜனும் வெளிச்சமும் சேர்ந்து அதை அரிக்கும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு மாவாகும். பாட்டு கேட்டாலும் கேட்காவிட்டாலும், பெட்டி பிரிக்காமலே இருந்தாலும், உதிர்வது உதிரும். மே மாதம் 45 டிகிரியில் வறுத்து, ஆடியில் ஈரத்தில் ஊற வைக்கிற தில்லி வானிலையில் கேட்கவே வேண்டாம்.

ஆனால் அதே ஊஃபரில் காந்தம் அப்படியே இருக்கும். சட்டம் அப்படியே இருக்கும். கோனும் காயிலும் ஸ்பைடரும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். வளையத்தை மாற்றினால் போதும்.

கபாடிவாலாவைக் கூப்பிடுவதற்கு முன்பு நீங்களே பார்க்கக்கூடிய மூன்று சோதனைகளைச் சொல்கிறேன்.

ஊஃபரை மல்லாக்க வைத்து, இரண்டு கை விரல்களையும் கோனின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, ஒரே சீராக மெதுவாக உள்ளே அமுக்குங்கள். வழுவழுவென்று போய்த் திரும்பினால் காயில் நேராக இருக்கிறது. உள்ளே சரசரவென்று உரசினால் காயில் சாய்ந்திருக்கலாம், வெந்திருக்கலாம், இடைவெளியில் குப்பை விழுந்திருக்கலாம். எட்ஜ் பிய்ந்துபோனதால் மட்டும் கோன் ஒருபக்கம் தொங்கி உரசுவதும் உண்டு. கோனை நடுவுக்குக் கொண்டுவந்து அமுக்கிப் பாருங்கள்.

அடுத்தது மல்டிமீட்டர். எலெக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் எந்தத் தம்பியிடமும் இருக்கும். 8 ஓம் என்று எழுதிய ஊஃபர் மீட்டரில் 5.5 முதல் 7 வரை காட்டினால் காயில் நலம். 4 ஓம் என்றால் 3 முதல் 3.5 வரை. 8 காட்டவில்லையே என்று பதறாதீர்கள். அந்த 8 பாட்டு ஓடும்போது மாறி மாறி வரும் மின்சாரத்துக்குச் சொன்ன கணக்கு. மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கலாம். ஆனால் கோனிலிருந்து டெர்மினலுக்கு வரும் பின்னல் வயர் மட்டும் அறுந்திருந்தாலும் அப்படித்தான் காட்டும். அதைப் பற்றவைக்கக் கொஞ்ச நேரம் போதும். அந்த வயர் அறுந்ததற்காக எறியப்பட்ட நல்ல ஊஃபர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும்.

மூன்றாவது, ஒன்றரை வோல்ட் பென்சில் செல். பிளஸ்ஸைச் சிவப்பு டெர்மினலிலும் மைனஸைக் கருப்பிலும் ஒரு நொடி தொட்டுவிட்டு எடுங்கள். டப்பென்று கோன் வெளியே வர வேண்டும். பழைய ஜேபிஎல் ஊஃபர்களில் மட்டும் தலைகீழாக உள்ளே போகும். அது கோளாறு இல்லை, அந்தக் கம்பெனி வெகுகாலம் அப்படித்தான் வைத்திருந்தது.

சரி, வளையம் மாற்றுவது எப்படி? கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையில் கெடுப்பதும் பிழைக்க வைப்பதும் இங்கேதான் நடக்கிறது.

பழைய நுரையை எடுப்பதுதான் பாதி வேலை. சட்டத்தில் ஒட்டியிருப்பதை பிளேடால் சுரண்டிவிடலாம். கோனில் ஒட்டியிருப்பதை அவசரப்பட்டு இழுத்தால் காகிதத்தின் ஒரு தோலையும் சேர்த்து உரித்துவிடும். கொஞ்சம் ஆல்கஹால் தொட்டு ஊற வைத்து, விரல் நுனியால் உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். இந்த இடத்தில் பொறுமை இல்லாதவர்கள் வேறு வேலைக்குப் போய்விடலாம். கோனில் எங்காவது கிழிசல் இருந்தால் பட்டம் செய்கிற மெல்லிய தாளைக் கிழித்து (கத்திரியால் வெட்டாமல், ஓரம் பிசிறாக வரும்படி கையால்), தண்ணீர் கலந்த ஃபெவிகாலால் பின்பக்கம் ஒட்டுங்கள். ஆகஸ்ட் 15 பட்டத்துக்காக அந்தத் தாள் தில்லியின் எல்லாச் சந்திலும் கிடைக்கிறது.

புது எட்ஜ் வாங்கும்போது "எட்டு இஞ்ச் கொடு" என்று கேட்டு வாங்காதீர்கள். இரண்டு கம்பெனியின் எட்டு இஞ்ச் ஊஃபர்களுக்கு ஒரே எட்ஜ் பொருந்தாது. சட்டத்தில் ஒட்டும் வெளி விட்டம், கோனில் ஒட்டும் உள் விட்டம், நடுவில் மேடாக வளைந்திருக்கும் பகுதியின் அகலம், கோனின் ஓரம் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். நுரை இருந்த இடத்தில் நுரையே போடுங்கள். ரப்பர் போட்டால் ஆயுசு நீளும் என்று கடைக்காரர் சொல்வார். நீளும். ஆனால் அது கனம். பெரும்பாலும் விறைப்பும் அதிகம். வில்ச்சர் வழியில் செய்த மூடிய பெட்டிக்கு அந்தத் தளர்வுதான் உயிர். விறைத்த எட்ஜோடு கீழ் பாஸ் இறங்காது. இருபது வருஷம் கழித்து இன்னொரு முறை நுரை மாற்றினால் என்ன, அதற்குள் உங்கள் மகனுக்கு வேலை தெரிந்திருக்கும்.

முதலில் எட்ஜைக் கோனோடு ஒட்டிக் காயவிடுங்கள். அது பிடித்தபிறகுதான் சட்டத்தோடு ஒட்ட வேண்டும். காகிதக் கோனுக்கு வெள்ளைப் பசை நல்லது; மெதுவாகப் பிடிப்பதால் நகர்த்தித் திருத்த நேரம் கிடைக்கும். ஃபெவிபாண்ட் போன்ற ரப்பர் பசையும் போடலாம், ஆனால் பட்ட உடனே பற்றிக்கொள்ளும், கைப்பழக்கம் வேண்டும். ஃபெவிக்விக்கை மட்டும் எட்ஜ் பக்கம் கொண்டுபோகாதீர்கள். காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும், அசைகிற இடத்தில் விறைப்பு ஒட்டினால் அந்த ஓரத்திலேயே கோன் வெட்டுப்படும்.

சட்டத்தோடு ஒட்டும் நேரம்தான் உயிர்நிலை. காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒரு பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர் அளவுதான் இடம். அதற்குள் காயில் எங்கும் தொடாமல் நிற்க வேண்டும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, நடுவிலிருக்கும் டஸ்ட் கேப்பைப் பதமாக அறுத்துத் திறந்து, காயிலுக்கும் நடுத் தூணுக்கும் இடையில் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைப் பட்டையாக வெட்டிச் சுற்றிலும் செருகிவிடுவது. பசை காய்ந்ததும் உருவிவிட்டு, அதே மூடியைத் திரும்ப ஒட்டலாம். இன்னொன்று, கேப்பைத் திறக்காமல், ஆம்ப்ளிஃபயரில் 20, 30 ஹெர்ட்ஸ் ஒலியைத் தாழ்வாக ஓடவிட்டு, கோன் ஊசலாடுவதைக் காதால் கேட்டுக்கொண்டே எட்ஜை நகர்த்தி உரசல் நிற்கும் இடத்தில் பிடிப்பது. அந்த ஒலியை மொபைலிலிருந்தே கொடுக்கலாம். எனக்கு முதல் வழி பிடிக்கும். ஆனால் பழைய அக்கூஸ்டிக் ரிசர்ச், ஜேபிஎல் போன்றவற்றில் அசல் மூடியை அறுக்க மனம் வராமல் இரண்டாவதைச் செய்வதும் உண்டு. எதுவானாலும் ஒரு நாள் முழுக்க அசைக்காமல் காயவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. காந்தத்தைப் பிரிக்காதீர்கள். ஐம்பது, அறுபதுகளின் ஊஃபர்களில் பலவற்றில் சின்ன உருளையாக ஆல்நிகோ காந்தம் இருக்கும். அதன் இரும்புச் சுற்றைப் பிரித்துத் திரும்ப மாட்டினால் காந்த சக்தி குறைந்துவிடும். மறுபடி ஏற்ற வேறு இயந்திரம் வேண்டும். ஆல்நிகோவில் கோபால்ட் இருக்கிறது. எழுபதுகளின் கடைசியில் ஜயர் நாட்டில் ஷாபா மாகாணத்தில் சண்டை மூண்டு, கோபால்ட் விலை தாறுமாறாக ஏறியபோது, அதுவரை ஆல்நிகோவை விடாமல் பிடித்திருந்த கம்பெனிகளும் கருப்பு வட்டமான ஃபெர்ரைட்டுக்கு மாறின. ஆப்பிரிக்காவில் நடந்த ஒரு சண்டையால் தில்லி வீட்டு மூலையிலிருக்கும் ஸ்பீக்கரின் முதுகு உருளையிலிருந்து தட்டையாக மாறியது. முதுகைப் பார்த்தே ஏறத்தாழ வயசு சொல்லிவிடலாம்.

எல்லாப் பழைய ஸ்பீக்கரிலும் நுரை இருக்காது. மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் வால்வ் ரேடியோக்களில் வரும் ஸ்பீக்கர்களுக்குக் கோனும் ஓரமும் ஒரே காகிதம்தான். ஓரத்தில் மடிப்பு அச்சடித்திருக்கும். அது உதிராது. எலி கடிக்கும், அவ்வளவுதான். அஹூஜாவின் மைக்செட் புனல் ஸ்பீக்கர் வேறு சாதி. அதில் கோனே இல்லை, பின்னால் திருகி மாட்டிய யூனிட்டில் ஒரு சின்ன டயாஃபிரம்தான். ஊரில் கோவில் திருவிழாவுக்கு ரேடியோ செட் கட்டியவர்கள் உங்களில் இருந்தால் இதை எனக்கே சொல்லிக் கொடுப்பீர்கள். அந்த டயாஃபிரத்தை மாற்றத் தெரிந்த கைக்கு ஊஃபர் ஒன்றும் பெரிய விஷயமில்லை.

வீடு மாறியபோது மழையில் நனைந்த பெட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடனே கரண்ட் கொடுத்துப் பார்க்காதீர்கள். ஈரமான காகிதம் தன் எடையிலேயே தொய்யும். அந்த நிலையில் ஆடவிட்டால் காயில் உரசி நாசமாகும். வெயிலிலும் வைக்காதீர்கள், ஹேர் டிரையரும் வேண்டாம். ஊஃபரைப் பெட்டியிலிருந்து கழற்றி நிழலில், காற்றோட்டத்தில், சில நாள் விட்டுவிடுங்கள். காய்ந்தபிறகு மேலே சொன்ன அமுக்குச் சோதனை. இடித்த இடத்திலோ கட்டட வேலை நடக்கும் இடத்திலோ கீழே வைத்திருந்தால், காந்தம் மண்ணிலிருக்கும் இரும்புத் தூளையெல்லாம் இழுத்து வைத்திருக்கும். ஊதினால் போகாது. மாஸ்கிங் டேப்பைப் பசை வெளியே இருக்கும்படி மடித்து இடைவெளிக்குள் விட்டு விட்டு எடுக்க வேண்டும். கபாடிக் கிடங்கிலிருந்து வரும் ஊஃபர்களில் இந்தத் தூளை எடுக்கவே எனக்குப் பாதி நாள் போய்விடுகிறது. பல வருஷம் ஒரே நிலையில் மாட்டியிருந்த கனமான கோன் கீழ்ப்பக்கம் தொய்ந்திருந்தால் ஊஃபரை அரைச் சுற்றுத் திருப்பி மாட்டிவிடுங்கள். செலவில்லாத வைத்தியம்.

இனி கடை விஷயம். செங்கோட்டைக்கு எதிரே பழைய லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் ஸ்பீக்கர் உதிரிகள் கிடைக்கும்: கோன், எட்ஜ், ஸ்பைடர், சுற்றிய காயில், டஸ்ட் கேப், எல்லாம். (ஜங்புரா பக்கத்து லாஜ்பத் நகர் வேறு, அங்கே போனால் சுடிதார்தான் கிடைக்கும்.) ஜங்புராவில் இருப்பவர்களுக்கு வயலட் லைனில் ஏறினால் மாறாமல் லால் கிலா ஸ்டேஷன். நரேலாக்காரர்கள் பஸ்ஸில் சமய்பூர் பாத்லி வந்து மஞ்சள் லைனில் ஏறினால் அதுவும் மாறாமல் சாந்தினி சௌக், அங்கிருந்து நடை. 2022 ஜனவரியில் தீப்பிடித்துப் பல கடைகள் எரிந்த மார்க்கெட் அது, மீண்டும் எழுந்து நிற்கிறது.

அந்தச் சந்தையில் நல்ல கை உள்ள உஸ்தாத்கள் இருக்கிறார்கள். ஆனாலும் உங்கள் பழைய ஊஃபரை அங்கே கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். அங்கே ஓடுகிற பிழைப்பு டிஜே பிழைப்பு. சாவன் மாதம் காவடி யாத்திரை, அப்புறம் ஜாக்ரண், கல்யாண ஊர்வலம். லாரி லாரியாக 15, 18 இஞ்ச் ஊஃபர்கள் வெந்துபோய் வருகின்றன. அவற்றில் துணி எட்ஜ்; அது கெடுவதில்லை, காயில்தான் எரிகிறது. ஊஃபருக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கோ சில பங்கோதான் ஒலியாகிறது, மீதியெல்லாம் சூடு. அதனால் அங்கே வைத்தியம் ஒன்றுதான்: கோன், காயில், ஸ்பைடர் மூன்றையும் அறுத்து எறிந்துவிட்டு ரெடிமேட் செட்டைப் போட்டு ஒட்டுவது. ரீகோனிங். நாளைக்கே யாத்திரை என்கிறவருக்கு அது சரியான வைத்தியம். அந்தக் கைதான் உங்கள் 1975 வருஷத்து ஊஃபரையும் அதே மாதிரி அறுக்கும். எட்ஜ் மட்டும் போனதற்கு, அசல் கோனும் அசல் காயிலும் குப்பைக்குப் போகும். திரும்பி வரும்போது பளபளப்பாக இருக்கும். சத்தமும் வரும். ஆனால் அது அந்த ஊஃபர் இல்லை.

இது வெறும் பழமைப் பற்று இல்லை. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளின் தொடக்கத்திலும் இதற்குக் கணக்கே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அசையும் பாகத்தின் எடை, அதைப் பிடித்திருக்கும் தளர்வு, காந்தத்தின் பலம், பெட்டியின் கொள்ளளவு, இவை ஒன்றோடொன்று கட்டுண்டவை. எட்டு இஞ்ச் ஊஃபரின் கோனும் காயிலும் சேர்ந்து இருபது முப்பது கிராம்தான். அதில் சில கிராம் கூடினால், தளர்வு கொஞ்சம் குறைந்தால், அந்தப் பெட்டிக்கு அந்த ஊஃபர் பொருந்தாது. பெட்டி பழசு, கோன் புதுசு, கணக்கு தப்பு. ஆகவே கடையில் சொல்ல வேண்டிய வாக்கியம் இது: "கோனைத் தொடாதே, எட்ஜ் மட்டும்." ஹிந்தியில் உரக்கவே சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். காயில் உண்மையிலேயே எரிந்திருந்தால் வேறு வழியில்லை. அப்போதும் பழைய காயிலின் விட்டம், சுற்றுகளின் உயரம், கம்பியின் தடிமன் மூன்றையும் அளந்து அதேபோல் சுற்றச் சொல்லுங்கள். அசல் கோனைக் காப்பாற்றி அதில் புதுக் காயில் மாட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தேட வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பாஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். டிவிக்குள் இருக்கும் ஸ்பீக்கரும் மொபைலும் அந்த இடத்துக்கு இறங்கவே இறங்காது. அவற்றில் நீங்கள் இத்தனை வருஷம் கேட்டது மேல்பாதிப் பாட்டு. எட்ஜ் மாற்றிய பழைய எட்டு அல்லது பத்து இஞ்ச் ஊஃபர் அந்தத் தந்தியைக் காட்டும். பல்லவியில் பாட்டுக்குக் கீழே இன்னொரு பாட்டு ஓடுவது தெரியும். காசில் சொல்வதானால், தராசில் அந்த ஊஃபரின் காந்தம் வெறும் இரும்பு, காயிலின் தாமிரம் சில கிராம். ஓடுகிற நிலையில் ஜோடியாக இருந்தால் அதைத் தேடி வாங்குகிறவர்கள் தில்லி முழுக்க இருக்கிறார்கள். ஜோடியைப் பிரிக்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒற்றை ஊஃபருக்கு யாரும் விலை தரமாட்டார்கள்.

நரேலாவிலிருந்து தினமும் ஜங்புரா வீடுகளுக்கு வேலைக்கு வந்து போக முடியாமல் பல அக்காமார்கள் வேலையை விட்டது எனக்குத் தெரியும். அந்த வீட்டு வேலைக்கு ஈடாக ஊஃபர் ரிப்பேரைக் காட்டும் அளவுக்கு எனக்குப் புத்தி மழுங்கவில்லை. இது ஒரு காலனியையே தாங்குகிற தொழில் இல்லை. ஆனால் ஒருவர், இருவர் பிழைக்கலாம். பிளேடு, பசை, மீட்டர், சால்டரிங் அயர்ன், பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று, நரேலா ஃபிளாட்டின் ஒரு மூலை, இவ்வளவு போதும். கடை வேண்டாம், வேலை வீட்டுக்கு வரும். பெண்களுக்கு இந்த வேலை வராது என்று சொல்கிறவனை நம்பாதீர்கள். கால் மில்லிமீட்டர் இடைவெளிக்கு வேண்டியது கைபலம் இல்லை, கைநிதானம். தில்லியில் இதைச் செய்கிற கைகளுக்கு வயசாகிவிட்டது, அவர்கள் பிள்ளைகள் மொபைல் கடைக்குப் போய்விட்டார்கள்.

அதனால் இரண்டு வேண்டுகோள். நம் தமிழ்ப் பள்ளியிலோ ராமகிருஷ்ணாபுரம் தமிழ்ச் சங்கத்திலோ ஞாயிற்றுக்கிழமை ஒரு அறை கேட்டுப் பெற உங்களில் யாராவது முன்வந்தால், காசு வாங்காமல் நான் வந்து கற்றுத் தருகிறேன். ஐடிஐ முடித்த தம்பியோ தங்கையோ, பள்ளிப் படிப்பை விட்டவர்களோ, யார் வேண்டுமானாலும் வரலாம். பழகிக் கெடுக்க ஒரு பழைய ஊஃபர் கொண்டுவந்தால் போதும்.

மற்றது, அந்த அறை கிடைக்கும்வரை. வீட்டில் பெட்டி இருந்தால் இன்றைக்கே மீட்டரை வைத்துப் பாருங்கள். 8 ஓம் ஊஃபர் 5.5க்கும் 7க்கும் நடுவில் காட்டினால், கபாடிவாலா எத்தனை முறை வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
தில்லித் தமிழ் ஸ்பீக்கர் மெக்கானிக்